பணியிடையே பெற்ற இசைப்பட்டம்

(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவை ஒட்டிப் பெருந்துறையில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இங்கே பேச நிற்பவர் ஒருவர், பேச்சு மூவருடையது. எங்களுள் ஒருவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இசையாசிரியராய் இருந்தவர். மற்ற இருவர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர்கள். அவ்விருவருள் ஒருவர் பெண். இப்போது மூவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். 1994ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போட்டு, பணியை விடாமலே, அஞ்சல் வழியில் இசையில் இளங்கலைப் பட்டத்திற்குப் படித்தோம். இருவர் 1997இல் தேறினோம். ஒருவர் செய்முறைத் தேர்வில் ஒருமுறை தவறி மறு ஆண்டு தேறினார். அவர் யார் என்பதை வெளியே சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு. ஆகவே 'நாங்கள்' என்று காதில் விழும்போதெல்லாம் மூவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிவிழா நிதியில் ஒரு பகுதியை இசை படிக்க விரும்பும் நம் ஆசிரியர்க்கும் இளைஞர்க்கும் ஒதுக்கலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது, மூத்தவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, கொட்டடிக்க வேண்டாமுன்னுதானே புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோம். படிச்சு முடிச்சுப்போட்டு மறுபடியும் கொட்டடிக்கவா?"

அக்கேள்வியைச் சிரித்துத் தள்ள இங்கே யாருக்கும் உரிமை இல்லை. கேட்டவர் தம் இருபதாம் வயதில், சாவு வீட்டுக்குத் தப்பட்டை எடுத்து வர மாட்டோம் என்று சொன்னதற்காக, ஓர் அறுவடைக் காலம் முழுவதும் வேலை மறுக்கப்பட்டவர். வளவில் அடுப்பெரியாத நாள்களை அவர் எண்ணிச் சொல்லுவார். அவரும் அவர்தம் தோழர்களும் அன்று மறுத்திராவிட்டால், நாங்கள் மூவரும் இன்று ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்களாய் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டோம். அவர் கேள்விக்கு விடை சொல்லும் கடன் எங்களுக்கு உண்டு. இவ்வுரை முழுவதும் அவருக்குச் சொல்லும் விடையே.

பழைய செய்தியிலிருந்து தொடங்குகிறோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகிறார். பறையில்லாத நிலம் அவருக்குத் தெரியாது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைப் போற்றிச் சொல்லுகிறது. அப்பெயர்கள் இன்றைய சாதிப் பெயர்களோடு அப்படியே பொருந்தும் என்று நாங்கள் வாதாடவில்லை. அது ஆராய்ச்சியாளர் பாடு. இசைத்தவன் இழிந்தவன் என்ற எண்ணம் அப்பாட்டில் இல்லை என்பது மட்டும் தெளிவு.

பெரியபுராணத்தில் நம்மவர் பலரும் நந்தனாரையே அறிவர். அவர் கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தார் என்று சேக்கிழார் எழுதியுள்ளார். கருவிக்குத் தோல் கொடுத்தவர் கருவி ஒலிக்கும் இடத்திற்குள் போக முடியவில்லை. அதே நூலில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறும் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இசைத்து உடன் சென்றவர் அவர். மதுரைக் கோயிலில் அவர் வாயிலில் நின்று வாசித்தார். உள்ளே அழைத்துச் செல்லுமாறு ஆணை பிறந்தது. தரையின் ஈரம் தாக்கினால் யாழ் நரம்பின் வீக்கு தளரும் என்று அமர்வதற்குப் பொற்பலகையும் இடப்பட்டது. அதே பாணர் திருவாரூர் சென்றபோதோ, அவர் நுழைவதற்கென்று வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டதாம். ஓர் ஊரில் பொற்பலகை, மற்றோர் ஊரில் தனி வாயில். இசைக்குக் கிடைத்த மதிப்பு இசைத்தவருக்குக் கிடைக்காத கதை அன்றே தொடங்கிவிட்டது.

(இடையே ஒன்று. நம் இளைஞர் சிலர் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டது நம் பெருந்துறையில்தான் என்று பெருமையோடு சொல்லித் திரிகிறார்கள். அது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலாகிய திருப்பெருந்துறை. நம் ஊருக்கு வேறு பெருமைகள் உண்டு. கடன் வாங்க வேண்டியதில்லை.)

நந்தனார் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாகப் பாடினார். சபைகளிலும் கதாகாலட்சேபங்களிலும் நம் கண்ணீர் பாட்டாக ஓடியது. 1935இல் 'பக்த நந்தனார்' திரைப்படம் வந்தபோது நந்தனாராக நடித்தவர் நம் பக்கத்துக் கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் அது நாடே பேசிய தொகை. நந்தனார் வேடத்திற்கு இலட்சம் கிடைத்த அதே காலத்தில், உண்மை நந்தனார்கள் கோயில் மதிலுக்கு வெளியேதான் நின்றார்கள். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் முழு அளவில் வந்தது 1947இல்.

இசை கற்பதற்குத் தடையாய் இருந்தது எது? கட்டணம் அன்று, வீட்டு வாசல். குருகுல முறையில் மாணவன் ஆசிரியர் வீட்டிலேயே தங்கி, நீர் இறைத்து, தம்புரா சுமந்து, ஆசிரியர் பாடும்போது கூடப் பாடிக் கற்றுக்கொண்டான். அது நல்ல முறை என்று இன்றும் பலர் சொல்லுகிறார்கள். வீட்டுக்குள் நுழைய முடிந்தவனுக்கு நல்ல முறைதான். நுழைய முடியாதவனுக்கு அம்முறையின் மேன்மையால் ஆவது ஒன்றுமில்லை.

இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது 1929இல் என்று சொல்லலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவான ஆண்டு அது. அங்கே இராசா அண்ணாமலைச் செட்டியாரின் இசைக் கல்லூரியும் இருந்தது. சென்னை மியூசிக் அகாதமி 1931இல் இசையாசிரியர்க்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வர். 1949இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசின் மத்திய கருநாடக இசைக் கல்லூரி சென்னையில் தொடங்கியது. இவற்றில் எல்லாம் நம்மவர் உடனே நிறைந்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு புதுமை வந்தது. விண்ணப்பப் படிவம் வந்தது. தேர்வு எண் வந்தது. எண்ணுக்குச் சாதி இல்லை. விடைத்தாளைத் திருத்துபவர் எழுதியவன் வாசலைக் கேட்க முடியாது.

பணியிலிருக்கும் ஆசிரியர் இசையை ஆழக் கற்பது நம் நாட்டில் புதிதன்று. சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அங்கே ஆசிரியராய் இருந்த நாள்களிலேயே இசை கற்றார். தஞ்சைக்குச் சென்று பள்ளியில் தமிழாசிரியராய் இருந்தார்; அப்பள்ளியின் தலைமையாசிரியை அவர் மனைவியார். பின்னர் மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசையில் செலவிட்டார். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் அமைத்து இசை மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட அந்நூலை எழுதியவர் சாதாரணப் பள்ளி ஆசிரியராய்த் தொடங்கியவர். நம் மாவட்டத்தில் மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரனும் ஆசிரியரே. கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் கற்பித்தவர், அறுநூறுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் இயற்றினார்; பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் அவர் பதிப்பித்ததே. இவ்விருவரும் நம் வளவில் பிறந்தவர்கள் அல்லர். வாய்ப்புக் கிடைத்த ஆசிரியர் எவ்வளவு தொலைவு போகலாம் என்று காட்டவே குறிப்பிட்டோம்.

நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்த கே. ஏ. குணசேகரன். நாட்டுப்புற இசையைப் பாடிப் பாடியே வளர்ந்து, அதையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016இல் மறைந்தார். அவர் தம் வாழ்க்கையை 2005இல் 'வடு' என்ற பெயரில் எழுதினார். கழக நூலகத்தில் அதன் படி இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது, பலர் படித்ததால். இளையான்குடி இசுலாமியர் வீடுகளில் கிடைத்த சமமான நடத்தையையும், பிற இடங்களில் கிடைத்த நடத்தையையும் அவர் அருகருகே வைத்து எழுதியிருப்பதைப் படியுங்கள். வளவில் பாடிய அதே பாட்டைப் பல்கலைக்கழக வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த மனிதர் அவர்.

இனி எங்கள் கதை. சுருக்கமாகவே சொல்லுகிறோம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981லும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியிருந்தன. அதனால் பணியை விடாமல் படிக்க வழி இருந்தது. முதல் தடை துறையின் முன் அனுமதி. உயர்கல்வி பயில ஆசிரியர் உரிய வழியாக அனுமதி பெற வேண்டும். எங்களுள் ஒருவரின் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்தது. "இசையா? உங்களுக்கு எதற்கு?" என்று அங்கிருந்தவர் கேட்டார். 'உங்களுக்கு' என்ற சொல்லை எப்படி அழுத்தினார் என்பது எழுத்தில் வராது. கட்டணம் செலுத்தக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அனுமதி வந்தது.

அடுத்த தடை ஆசிரியர். பாடங்கள் அஞ்சலில் வரும். குரல் அஞ்சலில் வராது. செய்முறைத் தேர்வுக்கு வர்ணமும் கீர்த்தனையும் கற்பனைச் சுரமும் பாட வேண்டும். அதற்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து திருத்த வேண்டும். முதலில் அணுகியவர் அன்போடு பேசினார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். அடுத்த வாரம் சென்றபோது வீட்டில் இட வசதி இல்லை என்றார். மூன்றாவதாக ஈரோட்டில் முதிய நாகசுரக்காரர் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட ஒரே கேள்வி, "என்ன சுருதி?" என்பது. அவருடைய பாயிலேயே எங்களை உட்காரச் சொன்னார். எங்களிடம் அவர் கட்டணமாக வாங்கியது மாதந்தோறும் வெற்றிலையும் சீவலும், பொங்கலுக்கு வேட்டி.

ஆண்கள் இருவருக்கும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. அம்மையாருக்கு ஐந்து கட்டை. ஒரே சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு மூவரும் சேர்ந்து பாட முடியாது. ஆகவே வார நாள்களை முறை வைத்துப் பிரித்துக்கொண்டோம். விடியற்காலை நான்கரை மணிக்கு அகாரம் பாடினால், காலனி வீடுகளில் ஒரே சுவருக்கு அப்பால் பஞ்சாலை இரவு முறை முடித்து வந்தவர் உறங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் வாய்க்கால் மேட்டுக்குப் போய்ப் பாடினார். அம்மையார்க்கு அந்த வசதி இல்லை. அவர் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டே சரளி வரிசை பாடினார். அவர் மகளுக்கு மாயாமாளவகௌளை வாய்ப்பாடு போல வந்துவிட்டது.

கோடை விடுமுறையில் தொடர்பு வகுப்புகள் சென்னையில். ஈரோட்டிலிருந்து இரவு ஏற்காடு விரைவு வண்டி. முன்பதிவு கிடைக்காத ஆண்டில் கதவோரம் துண்டு விரித்து, வெங்கடமகியின் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களைச் சக்கரம் சக்கரமாகச் சொல்லிக்கொண்டு போனோம். டாக்டர் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது, வேலைக்குப் போகும் ஏழை இளைஞர்க்காகக் காலை நேரத்தில் வகுப்பு வைத்தார். வயிற்றுக்கும் படிப்புக்கும் ஒரே நாளில் இடம் வேண்டும் என்பதை அறிந்த கழகம் அது. நம் கழகமும் அப்படித்தான் எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

படித்ததால் என்ன வந்தது? வகுப்பறை மாறியது. இதுதான் எங்கள் உரையின் நடுப்பகுதி.

நம் மாணவர் ஒவ்வொரு நாளும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். 1970 முதல் பாடிவருகிறோம். மெல்லிசை மன்னர் விசுவநாதன் அதை மோகன இராகத்தில் அமைத்தார். பட்டம் படிக்கும் முன், 'சரியாகப் பாடு, இழுக்காதே' என்று மட்டுமே எங்களால் சொல்ல முடிந்தது. படித்த பின், மோகனம் ஐந்து சுரங்களால் ஆனது என்றும், ச, ரி, க, ப, த என்ற அவ்வைந்தைப் பிள்ளைகள் தாமாகவே தெருவில் பாடுகிறார்கள் என்றும் கண்டோம். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை தோழனைக் கூவி அழைக்கும்போது குரல் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்திற்கு இறங்குவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அங்கேரி நாட்டில் சோல்தான் கோடாய் என்ற இசையறிஞர் (1882–1967) இருந்தார். நண்பர் பார்டோக்குடன் சிற்றூர்களுக்குச் சென்று உழவர் பாடிய பாடல்களைத் தொகுத்தார். அவர் வழியில் நடக்கும் பள்ளிகளில் குழந்தைக்கு முதலில் கற்பிப்பது இந்தப் பஞ்சம காந்தார இறக்கத்தைத்தான். அதன்மேல் ஐஞ்சுரப் பாடல்கள். அவையும் நாட்டுப் பாடல்களே. தாய்மொழியில் எழுத்தறிவு தொடங்குவதுபோல, தாயின் பாட்டில் இசையறிவு தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1950இல் கெச்கெமேத் நகரில் இம்முறையில் ஒரு தொடக்கப்பள்ளி தொடங்கி, நாள்தோறும் பாட்டு வகுப்பு நடத்தினார்கள். அந்நாட்டுப் பண்ணையாட்களின் பாட்டும் ஒரு காலத்தில் மேட்டுக்குடி மண்டபங்களில் இசையாகக் கருதப்படவில்லை. இதைப் படித்த அன்று நாங்கள் மூவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் எங்களுள் இடைநிலை ஆசிரியராயிருந்த அம்மையார், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை, வீட்டில் ஆத்தாவும் அப்புச்சியும் பாடும் பாட்டைக் கேட்டு வரச் சொன்னார். தாலாட்டு வந்தது, கும்மி வந்தது, களை பறிக்கும் பாட்டு வந்தது. ஒரு சிறுவன் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. தனியே கேட்டபோது, "எங்க தாத்தா பாடமாட்டாருங்க டீச்சர், அடிப்பாருங்க" என்றான். அடியை வாயால் சொல்லச் சொன்னார். அவன் சொல்லச் சொல்ல அம்மையார் கரும்பலகையில் எழுதினார்; ஏழு எண்ணிக்கையில் வந்து முடிந்தது. மூன்றும் நான்குமாய்ப் பிரியும் மிச்ரம். 'இதற்குப் பெயர் மிச்ர நடை' என்று அவர் சொன்னபோது அச்சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவர் இன்றும் சொல்லுவார். பட்டத்தால் கிடைத்த ஊதிய உயர்வை விட அதுதான் பெரிது என்பார்.

தப்பட்டையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லாத செய்திகள் பல. சட்டம் மூன்று மரத்துண்டுகளை வளைத்து இணைத்தது. தோல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்படுகிறது. ஒரு கையில் தடித்த அடிக்குச்சி. மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சி. வைக்கோல் தீயில் காய்ச்சும்போது தோலின் ஈரம் வற்றி இறுக்கம் ஏறுகிறது. இறுக்கம் ஏற ஒலி உயர்கிறது. மதுரையில் பாணருக்குப் பொற்பலகை இட்டதும் இதே இயற்பியல்தான். சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று எத்தனை அடிகள்! சாவு அடி இவற்றுள் ஒரு வகை. ஒரு வகையையே முழுக் கருவியாக ஆக்கி, அக்கருவியையே ஒரு சாதியாக ஆக்கியவர்கள் பிறர். எங்கள் பட்டப்படிப்பின் பாடநூல்களில் நாட்டுப்புற இசைக்குக் கிடைத்த பக்கங்கள் மிகச் சில. பறைக்குக் கிடைத்தது ஒரு வரி. மிருதங்கத்திற்கு ஓர் இயல் இருந்தது. அந்த மிருதங்கத்திற்குத் தோல் பதப்படுத்தி வார் பிடித்தவர் பெயர் அதில் இல்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய நூலில்தான் தஞ்சை செபாஸ்டியன் குடும்பத்தார் போன்ற தலித் கிறித்தவக் கைவினைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சேறின.

எனினும் வெளியே காற்று மாறிவருகிறது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) வழிபாட்டுப் பாடல்களையே நாட்டுப்புற மெட்டில் அமைத்துத் தந்தார். அவரைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் சோயி செரினியன் எழுதிய நூல் 2014இல் வந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையெடுத்து மேடையேறினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மூத்தவர்க்கு இப்போது நேராகவே விடை சொல்லுகிறோம். ஐயா, நீங்கள் மறுத்தது சரி. கூலியும் மரியாதையும் இன்றி, கூப்பிட்ட வாசலில் நின்று அடிப்பதை மறுத்தீர்கள். அம்மறுப்பு நீடிக்க வேண்டும்; எந்த விருதைக் காட்டி யார் கேட்டாலும் நம் பிள்ளை அந்த வாசலில் நிற்கக் கூடாது. ஆனால் அடி எத்தனை எண்ணிக்கை என்ற அறிவு உங்களிடம் இருக்கிறது. அதை எழுதிவைக்கக் கற்ற ஒருவர் நம்மிடையே இல்லாவிட்டால், வேறு யாரோ வந்து எழுதிக்கொண்டு போவார்கள். அவர்கள் பெயரில் அது பாடமாகும். நம் பேரன் அதைக் கட்டணம் கட்டிக் கற்பான். கழக நிதியை நாங்கள் கேட்பது, நம் பேரன்கள் கொட்டடிப்பதற்காக அன்று; கற்பிக்கும் நாற்காலியில் அமர்வதற்காக.

இளைஞர்களே, உங்களை ஏமாற்றவும் எங்களுக்கு மனமில்லை. இசைப்பட்டம் மட்டும் சோறு போடும் என்று எண்ணாதீர்கள். 2012இல் அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி முதலியவற்றோடு இசையும் அதில் இருந்தது. ஆண்டுகள் ஓடியும் நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடினார்கள். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது இசைக்கு ஒதுக்கியவை 86 மட்டுமே. மாநிலம் முழுமைக்கும் அவ்வளவே. எங்கள் காலத்தில் கூடுதல் தகுதிக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. அம்முறையை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஆகவே முதலில் ஒரு பணி. பணியில் நின்றுகொண்டு இசை. ஏற்கெனவே ஆசிரியராய் இருக்கும் நம் பெண்களும் ஆண்களும்தான் இதற்கு ஏற்றவர்கள். வகுப்பு அவர்கள் கையில் இருக்கிறது. கற்றதை மறுநாளே கற்பிக்கலாம்.

பணியில் சேராத இளையோர்க்கு ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு. கோவை அரசு இசைக் கல்லூரி மலுமிச்சம்பட்டியில் உள்ளது. இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு 2013இல் சட்டமியற்றி அமைத்தது. தொலைநிலையில் படிக்க எண்ணுவோர், பணம் கட்டும் முன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பட்டம் வாங்கிய பிறகு செல்லாது என்று தெரிந்துகொண்டவர் ஒருவரை எங்களுக்குத் தெரியும். அவர் மூன்றாண்டு உழைப்பைத் திருப்பித் தர யாரும் இல்லை. தேர்வு எழுதுமுன் துறை அனுமதிக் கடிதத்தின் படியைக் கையில் வைத்திருங்கள்; மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. எங்கள் மூவருடைய பழைய பாடக் குறிப்புகளும், இரண்டு சுருதிப் பெட்டிகளும், ஓர் ஆர்மோனியமும் கழக அறையின் வடக்கு அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. ஆர்மோனியத்தில் மேல் காந்தாரக் கட்டை ஒலிக்கவில்லை. பழுது பார்க்க ஆள் சொல்லியிருக்கிறோம். ஞாயிறு காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை எங்களுள் ஒருவர் அங்கே இருப்போம். சாவி செயலாளரிடம் உள்ளது. மூத்தவர் அவர்களும் தம் தப்பட்டையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு முதல் ஞாயிறு வருவதாக நேற்று மாலை சொல்லியனுப்பியிருக்கிறார். அடியை அவர் சொல்லுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம்.